பரணில் கிடக்கும் பழைய கடுதாசியைப் படிப்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் கிராமம். மூன்று வருஷத்துக்கு முன் பெரிய வீட்டின் ஓட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே கிஸ்து (நிலவரி) ரசீதுகள், ஒரு ஜாதகக் கட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் சணல் கயிற்றால் கட்டிய நாற்பது சொச்சம் கடுதாசிகள். "இதையெல்லாம் அடுப்புல போட்டுரலாமா?" என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அதற்கு முன்பே ஒரு சேதம் நடந்து முடிந்திருந்தது. பெரியப்பா மகன் பள்ளிக்கூடம் படிக்கும் காலத்தில் பன்னிரண்டு கவர்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்புகளை உரித்து ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறான். ஆல்பம் எங்கே போனதென்று இன்று அவனுக்கே தெரியாது. அந்தப் பன்னிரண்டு கவர்களும் எந்த வருஷம் வந்தவை, எத்தனை நாளில் வந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மீதி இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் படிக்கப் பழகினேன். அப்படிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்பை விட முக்கியமான ஆவணம் கவர்தான். அதன் மேல் விழுந்திருக்கும் ஒவ்வொரு முத்திரையும் பென்சில் கிறுக்கலும் ஏதோ ஒரு தபால் விதிப்படி யாரோ ஒருவர் செய்த வேலையின் தடம். விதி தெரிந்துவிட்டால் அந்தத் தாள் எங்கே நின்றது, யார் கையில் இருந்தது, ஏன் தாமதித்தது என்பது வரைக்கும் தெரிந்துகொள்ளலாம்.

படி 1: தண்ணீர் வேண்டாம், டேப் வேண்டாம்

ஊறவைக்காதீர்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. ஈரமில்லாத கையால் எடுத்து, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். மங்கிய முத்திரைக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இன்னொன்று எடுங்கள். மடிப்பை அடிக்கடி பிரித்து மூடினால் அந்த இடத்திலேயே கிழியும் என்பதால், ஒருமுறை பிரித்துப் படமெடுத்த பிறகு படத்தை வைத்தே வேலை செய்யுங்கள்.

படி 2: ஸ்டாம்பில் யார் தலை?

இந்தியா முழுமைக்குமான ஸ்டாம்பு 1854 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் 1901 வரை விக்டோரியா ராணி. 1902 முதல் தாடி வைத்த ஏழாம் எட்வர்டு. 1911 முதல் கிரீடம் அணிந்த ஐந்தாம் ஜார்ஜ். 1937 முதல் மழித்த முகத்தோடு ஆறாம் ஜார்ஜ். விக்டோரியா காலத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவும் உண்டு. 1855 முதல் வந்தவற்றில் 'ஈஸ்ட் இந்தியா' என்றும், 1882 முதல் வந்தவற்றில் 'இந்தியா' என்றும் இருக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். ராஜா செத்த மறுநாளே அவர் தலை செல்லாமல் போகாது. தபாலாபீசில் இருப்பு தீரும்வரை விற்பார்கள், வீட்டில் வாங்கி வைத்ததையும் ஒட்டுவார்கள். ஆகவே 'இந்த வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் இருந்திருக்க முடியாது' என்பதை மட்டுமே தலையை வைத்துச் சொல்லலாம். சரியான வருஷத்துக்கு முத்திரைதான் சாட்சி.

ஸ்டாம்பின் குறுக்கே 'சர்வீஸ்' என்று கறுப்பில் அச்சடித்திருந்தால் அது சர்க்கார் தபால். 1866 முதல் இந்த வழக்கம் உண்டு. தாலுகா ஆபீசிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ வந்த கவராக இருக்கும். கர்ணம், மணியக்காரர் குடும்பங்களின் பெட்டிகளில் இவை நிறையக் கிடைக்கும். காசு பெறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே நிலத் தகராறு, ஏரி மராமத்து, பஞ்ச கால வரி வஜா (தள்ளுபடி) என்று ஊர்ச் சரித்திரமே இருக்கக்கூடும்.

ஸ்டாம்பே இல்லாமல், தாளையே மடித்து அரக்கு வைத்து மூடிய கடிதம் கிடைத்தால் அது 1854க்கு முந்தையதாக இருக்கலாம். 1837 சட்டம் தபால் சுமக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்காருக்கே உரியதாக்கியது. அப்போது எடையோடு தூரத்தையும் பார்த்துக் கூலி வாங்கினார்கள். நம் பாராமகால் (தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தின் பழைய பெயர்) 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன சீமை. கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரித் திட்டம் வகுத்ததெல்லாம் இங்கேதான். அந்தக் காலத்துத் தாள் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள், ஆவணக் காப்பகத்தில் காட்டுங்கள்.

படி 3: கட்டணம் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா?

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. காலணா என்றால் 3 தம்பிடி, முக்காலணா 9 தம்பிடி. எடைக்குத் தோலா. ஒரு தோலா ஏறக்குறைய 11.66 கிராம், ஒரு வெள்ளி ரூபாயின் எடை அது.

1854 சட்டம் தூரக் கணக்கை எடுத்துவிட்டது. கால் தோலாவுக்குள் இருந்தால் தேசத்தின் எந்த மூலைக்கும் அரையணா, அரைத் தோலா வரை ஓரணா. கால் தோலா என்பது ஒரு வெள்ளி நாலணாக் காசின் எடைதான். அந்தக் காலத்துக் கடுதாசிகள் ஏன் வெங்காயச் சருகு மாதிரித் தாளில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஓரமெல்லாம் நிரப்பி எழுதப்பட்டன என்பதற்கு இதுவே காரணம். 1869இல் அதே அரையணாவுக்கு அரைத் தோலா வரை அனுமதித்தார்கள். 1907இல் ஒரு தோலா வரை.

தபால் கார்டு 1879 ஜூலை 1இல் வந்தது. விலை காலணா. ஏழை எளியவர்களும் கடுதாசி போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1922 வரை அந்த விலை மாறவே இல்லை. அந்த வருஷம் அரையணா ஆனது, 1931 கடைசியில் முக்காலணா ஆனது. கார்டில் அச்சாகியிருக்கும் மதிப்பையும், விலை போதாமல் கூடுதலாக ஒட்டிய ஸ்டாம்பையும் கூட்டிப் பார்த்தாலே காலம் ஏறக்குறையப் பிடிபடும்.

கூட்டினால் குறைகிறதா? அல்லது ஸ்டாம்பே இல்லையா? அப்படியானால் கவரில் எங்காவது 'பேரிங்' முத்திரையோ, கையால் எழுதிய அணாக் கணக்கோ இருக்கும், தேடுங்கள். ஸ்டாம்பு ஒட்டாவிட்டால் இரட்டைக் கட்டணம், குறைவாக ஒட்டினால் குறைந்ததைப் போல் இரு மடங்கு. அதை வாங்குபவர் கட்ட வேண்டும். விருப்பமில்லையென்றால் பிரிக்காமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படித் திரும்பினால் கட்டணம் அனுப்பியவர் தலையில் விழும். மேலுறையில் ஒரு புள்ளி வைத்தால் சுகம், இரண்டு வைத்தால் பணம் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, பேரிங் கவரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த தாத்தாக்களின் கதை உங்கள் வீட்டிலும் இருக்கும்.

படி 4: முத்திரையை முன்னும் பின்னும் பாருங்கள்

கடிதத்தைப் போட்ட ஊர்த் தபாலாபீஸ் ஸ்டாம்பின் மேல் முத்திரை குத்தும். மறுபடி பயன்படுத்தாமல் இருக்க அதைக் கறுப்படிக்க வேண்டும் என்பது விதி. போய்ச் சேர்ந்த ஆபீஸ் கவரின் பின்பக்கம் குத்தும். கார்டில் பின்பக்கம் முழுக்கச் செய்தி என்பதால் வந்து சேர்ந்த முத்திரையும் விலாசப் பக்கத்திலேயே விழுந்திருக்கும். பட்டுவாடா ஆபீஸ் என்பதற்கு டெலிவரி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் சில எழுத்துகள் அதில் இருக்கும்.

வட்டத்தைச் சுற்றிச் சதுரமாகக் கோடுகள் இருந்தால் அநேகமாக 1880களில் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் வரும். நடுவில் தேதி, மாதத்தின் மூன்றெழுத்து, வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். '05' என்றால் 1905. நாளும் மாதமும் மங்கி வருஷம் மட்டும் தெரிந்தாலும் விடாதீர்கள், படி 6இல் அதற்கு வழி இருக்கிறது.

ஊர்ப் பெயரில்தான் நம் ஆட்கள் குழம்புவார்கள். கிருஷ்ணகிரியைப் பழைய ஆங்கில எழுத்தில் கிஸ்ட்னகெரி என்று படிக்கும்படி எழுதியிருப்பார்கள். பார்வைக்கு வேறு ஊர் போல இருக்கும். ஜில்லாப் பெயரும் சேலம் என்றே இருக்கும். தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2, அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆகவே 'ஓசூர், சேலம் ஜில்லா' என்று பார்த்தால் விலாசம் தப்பு என்று நினைக்க வேண்டாம். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, ஆங்கிலேயர் காலக் கவரில் அதைத் தேடவே தேவையில்லை.

படி 5: வந்த பாதையை வரையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு வெள்ளைத் தாளில் போட்ட ஊரையும் சேர்ந்த ஊரையும் எழுதி, நடுவில் தபால் எப்படி வந்திருக்கும் என்று கோடு போடுங்கள்.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சேலம் போகும் ரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது. மொரப்பூரில் பை இறங்கும். அங்கிருந்து தர்மபுரிக்கு 18 மைல் சாலை. 1906இல்தான் மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையே இரண்டரை அடி அகலக் குட்டி ரயில் ஓடியது, 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரிக்கு 1905இல் திருப்பத்தூரிலிருந்து இதே போன்ற ஒரு கிளை. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அதனால் 1904ஆம் வருஷக் கடுதாசிக்கும் 1914ஆம் வருஷக் கடுதாசிக்கும் பாதையே வேறு. 1945ஆம் வருஷக் கடுதாசி மறுபடி சாலைக்கு வந்திருக்கும்.

ரயிலில் வந்த காலத்தில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) முத்திரை கூடுதலாக விழுந்திருக்கக்கூடும். ஓடும் ரயிலிலேயே ஒரு பெட்டியில் நின்றுகொண்டு தபால் பிரித்தார்கள். அந்த முத்திரையில் ஊர்ப் பெயருக்குப் பதில் ஒரு பிரிவு எண்ணும் 'செட்' எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து 'இது என்ன ஊர்?' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ரயில் இல்லாத இடமெல்லாம் ஓட்டக்காரர்தான். தோளில் பை, கையில் ஈட்டி, அதில் சலங்கை. சில மைலுக்கு ஒரு மாற்று. ஒருவர் ஓடி வந்து நிற்க, அடுத்தவர் பையை வாங்கிக்கொண்டு ஓடுவார். தொப்பூர் கணவாயிலும் அஞ்செட்டிக் காட்டிலும் ராயக்கோட்டை ஏற்றத்திலும் இரவில் ஓடுவதென்றால் என்ன என்று அந்த வழியில் பைக்கில் போனவர்களுக்கே கொஞ்சம் புரியும். சலங்கை சத்தம் கேட்டால் வழியில் இருப்பவர்கள் ஒதுங்குவார்கள், சின்ன மிருகங்களும் விலகும். புலிக்குப் பலியான ஓட்டக்காரர்கள் இந்தியத் தபால் சரித்திரத்தில் உண்டு. 1937இல் வெளிவந்த ஆறாம் ஜார்ஜ் ஸ்டாம்பு வரிசையில் இரண்டணா ஸ்டாம்பில் இந்த ஓட்டக்காரரின் படம்தான் இருக்கும். உங்கள் பெட்டியில் அது கிடைத்தால் தனியாக எடுத்துப் பாருங்கள்.

அவர்களுக்கு இருந்த விதிகள் கடுமையானவை. 1898ஆம் வருஷத்து இந்தியத் தபாலாபீஸ் சட்டம், 49ஆம் பிரிவு: தபால் சுமப்பவர் வேலை நேரத்தில் குடித்திருந்தாலோ, வழியில் வீணாக நின்று தாமதித்தாலோ, பையைப் பத்திரமாகப் பார்க்காவிட்டாலோ 50 ரூபாய் வரை அபராதம். அது ஓர் ஓட்டக்காரரின் பல மாதச் சம்பளம். அடுத்த பிரிவு, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றால் ஒரு மாதம் வரை சிறை என்கிறது. 52ஆம் பிரிவு, தபாலைத் திருடினாலோ ஒளித்தாலோ வேண்டுமென்றே எறிந்தாலோ ஏழு வருஷம் வரை சிறை. காட்டாற்றில் வெள்ளம் வந்தாலும் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கடந்த அந்த மனிதர்களின் பெயர் எந்தக் கவரிலும் இல்லை. அவர்கள் ஓடியதற்கு இருக்கும் ஒரே பதிவு இரண்டு முத்திரைகளுக்கு நடுவில் இருக்கும் நாள் கணக்குதான். அதனாலேயே அந்தக் கணக்கை நான் ஒருபோதும் விடுவதில்லை.

இந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. 2023இல் புதுச் சட்டம் நிறைவேறி 2024 ஜூன் 18இல் நடைமுறைக்கு வரும்வரை நம் தபாலாபீஸ்களை ஆண்டது அதுதான்.

படி 6: தமிழ்த் தேதியையும் முத்திரையையும் சேர்த்துப் பொருத்துங்கள்

கடுதாசியின் தலைப்பில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தமிழ் வருஷம், மாதம், தேதி இருக்கும். சிலர் தமிழ் எண்களிலேயே எழுதியிருப்பார்கள், ௧, ௨, ௩ பழகிக்கொள்ளுங்கள். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அது மட்டும் போதாது. முத்திரை மட்டும் இருந்தாலும் பல நேரம் பாதி மங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் விடை வரும்.

எங்கள் பெட்டியில் இருந்த ஒரு கார்டையே காட்டுகிறேன். எட்வர்டு தலை அச்சான காலணாக் கார்டு. சென்னையில் படித்துக்கொண்டிருந்த தம்பி, ஊரில் இருந்த அண்ணனுக்கு, அதாவது என் கொள்ளுத்தாத்தாவுக்குப் போட்டது. மேலே 'விசுவாவசு வருஷம் ஐப்பசி மாதம் 23' என்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் பிறந்ததும் விசுவாவசுதான். அதற்கு முன் 1965, அதற்கு முன் 1905, அதற்கு முன் 1845. எட்வர்டு தலை இருப்பதால் 1905 மட்டுமே பொருந்தும். ஐப்பசி 23 நவம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சென்னை முத்திரையில் '8' என்ற எண்ணும், நவம்பருக்கான ஆங்கில எழுத்துகளில் முதல் எழுத்தும் மட்டும் தெரிந்தன. போதும். 1905 நவம்பர் 8.

தர்மபுரி முத்திரை தெளிவாக நவம்பர் 9. ஒரே நாள்! குட்டி ரயில் இன்னும் வராத வருஷம் அது. மொரப்பூரில் இறங்கிய பை 18 மைல் சாலையைக் கடந்து அன்றே தர்மபுரிக்குப் போயிருக்கிறது. கார்டின் ஓரத்தில் கொள்ளுத்தாத்தா தன் கையால் 'வந்தது 26' என்று பென்சிலில் குறித்திருக்கிறார். ஐப்பசி 26 என்றால் நவம்பர் 10 அல்லது 11. சென்னையிலிருந்து தர்மபுரிக்கு ஒரு நாளில் வந்த கார்டுக்கு, தர்மபுரியிலிருந்து சில மைலில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதே அளவோ அதற்கு மேலோ நாள் ஆகியிருக்கிறது.

இதற்கும் விதிதான் காரணம். எங்கள் ஊரில் அப்போது தபாலாபீஸ் இல்லை என்பது வேறு முத்திரை விழாததிலிருந்தே தெரிகிறது. அப்படிப்பட்ட ஊர்களுக்குக் கிராமத் தபால்காரர் முறை வைத்துப் போவார். ஒரு வட்டத்தில் இருக்கும் ஊர்களை வரிசையாகச் சுற்றி வருவதுதான் அவர் வேலை, தினம் எல்லா ஊருக்கும் போக முடியாது. முறை வரும்வரை கார்டு தர்மபுரியில் காத்திருந்தது. இப்படி ஐந்தாறு கடுதாசிகளின் 'வந்தது' தேதிகளை அடுக்கினால், உங்கள் ஊருக்குத் தபால்காரர் எந்தெந்தக் கிழமையில் வந்தார் என்பதையே கண்டுபிடித்துவிடலாம்.

படி 7: விலாசத்தைப் படியுங்கள்

'ம-ள-ள-ஸ்ரீ' என்று தொடங்கினால் மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம், திரு மாதிரி ஒரு மரியாதை. பிறகு பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர், தாலுகா, ஜில்லா. வீட்டு எண் இருக்காது. 'ஏரிக்கரைத் தெரு வடவண்டை வீடு', 'மாரியம்மன் கோயில் எதிர்வீடு' என்பதெல்லாம் முழு விலாசமாகச் செல்லுபடியான காலம். தெருப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்று அவற்றில் பாதி வேறு பெயரில் இருக்கின்றன.

தமிழ் விலாசத்தின் மேல் நீலப் பென்சிலில் ஊர்ப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டிருந்தால், அது வழியில் தபால் பிரித்தவர் அடுத்தவருக்காக எழுதியது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது விலாசங்களும் கலந்து வரும் என்பதால் அங்கே இந்தப் பென்சில் எழுத்தை அதிகம் பார்க்கலாம்.

பழைய கார்டுகளில் விலாசப் பக்கத்தில் விலாசம் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. மீறினால் கார்டு என்ற சலுகை போய்ப் பேரிங் ஆகிவிடும். பின்னாளில்தான் இடப்பக்கப் பாதியில் செய்தி எழுத அனுமதி வந்தது. எங்கள் கார்டில் செய்திப் பக்கம் நான்கு ஓரமும் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறது, விலாசப் பக்கத்தில் ஒரு எழுத்து கூடுதல் இல்லை.

படி 8: பட்டுவாடா ஆனதா, திரும்பியதா?

தபால்காரர் யாரிடம் கொடுக்கலாம்? விலாசதாரர் வீட்டிலோ அலுவலகத்திலோ, அவரிடமோ, அவருடைய வேலையாளிடமோ, அவர் சார்பில் வழக்கமாக வாங்குபவரிடமோ கொடுத்தால் விலாசதாரரிடமே கொடுத்ததாக 1898 சட்டம் எடுத்துக்கொண்டது. அதுவரை கடிதம் தபாலாபீசின் பொறுப்பில் இருந்தது. வேறொருவர் கடிதம் தப்பாகத் தன்னிடம் வந்து அதை ஒருவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டால், அந்தச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அன்று இரண்டு வருஷம் வரை சிறை. பங்காளித் தகராறில் கடுதாசியை மறைத்த கதைகள் நம் பக்கம் ஏராளம், அவையெல்லாம் குற்றம் என்று அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

பட்டுவாடா ஆகாத கவர்தான் உள்ளதிலேயே சுவாரசியமானது. 'வாங்க மறுத்தார்', 'இந்த ஊரில் இல்லை', 'இறந்துவிட்டார்', 'விலாசம் போதாது' என்று தபால்காரர் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருப்பார். இந்தக் குறிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கட்டண பாக்கி வழக்கில், மறுக்கப்பட்டது அல்லது ஆள் இறந்துவிட்டார் என்ற தபால் குறியே அதற்கு முதல் சாட்சி என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொன்னது. பிளேக், காலரா வருஷங்களில் ஒரு ஊருக்கு வந்த கவர்களில் 'இறந்துவிட்டார்' குறிப்புகளை எண்ணினால் வேறெந்தப் பதிவிலும் இல்லாத துக்கம் தெரியவரும்.

'தவறி அனுப்பப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் பை வேறு ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. நாள் கணக்கு உதைக்கும்போது முதலில் அதைத் தேடுங்கள். அனுப்பியவர் விலாசமும் தெரியாத கடிதம் சென்னையில் இருந்த டெட் லெட்டர் ஆபீசுக்குப் போகும். அங்கே அதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் மட்டும் பிரித்து, அனுப்பியவர் யாரென்று தேடித் திருப்பி அனுப்புவார்கள். படித்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசியக் கட்டுப்பாடு அவர்களுக்கு உண்டு. மற்றபடி தபால் ஊழியர் யாரும் தன் கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரித்தால் இரண்டு வருஷம் வரை சிறை. ஆனால் அதே சட்டத்தில் பொது அவசரம் என்று சொல்லிச் சர்க்கார் தபாலை இடைமறிக்க வழியும் வைத்திருந்தார்கள். போர்க் காலக் கவர்களின் ஓரத்தில் ஒட்டுச் சீட்டும் 'தணிக்கையாளரால் பிரிக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில அச்சும் இருந்தால் அந்த வழியில் வந்ததுதான்.

கார்டின் மூலை கிழிந்திருந்தால் சேதம் என்று முடிவு கட்டாதீர்கள். துக்கச் செய்தி என்பதற்கு அடையாளமாகக் கிழித்தே போடுவது நம் வழக்கம். மூலைகளில் மஞ்சள் கறை இருந்தால் கல்யாணம், காதுகுத்து. தபால் விதியில் இதற்கெல்லாம் இடமில்லை, நாமே ஏற்படுத்திக்கொண்டது.

படி 9: மணியார்டர், ரிஜிஸ்டர் துண்டுச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்

மணியார்டர் 1880 ஜனவரி 1 முதல் தபாலாபீஸ் வேலை ஆனது. பணம் பட்டுவாடா செய்யும்போது கையெழுத்துத் தெரியாதவரானால் கைநாட்டு, கூடவே ஒரு சாட்சி. ரிஜிஸ்டர் தபாலுக்குப் போட்ட இடத்தில் ரசீது, சேர்ந்த இடத்தில் கையெழுத்து. இவை எல்லாவற்றிலும் தேதி முத்திரை இருக்கும் என்பதால், தேதியில்லாத ஒரு கடிதத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் உறவு தெரிந்துவிடும். எங்கள் கட்டிலேயே அப்படி ஒரு சீட்டு கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 10: ஓசூர், தேன்கனிக்கோட்டை வீடுகளுக்கு மட்டும்

எல்லைக்கு அந்தப்புறம் மைசூர் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் இருந்தது. பெயர் அஞ்சே. சிக்கதேவராஜ உடையார் காலத்திலிருந்து, பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நடந்து, 1889இல் இந்தியத் தபாலோடு இணைந்தது. அஞ்சே தனக்கென்று ஸ்டாம்பு வெளியிடவில்லை, முத்திரை மட்டுமே. அதனால் ஸ்டாம்பு இல்லாமல் கன்னட முத்திரையோடு ஒரு தாள் கிடைத்தால் பேரிங் என்று நினைத்துவிடாதீர்கள், அஞ்சேயில் வந்ததாக இருக்கலாம்.

படி 11: ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்

அமிலமில்லாத காகித உறையில் ஒரு கடிதத்தைப் போட்டு, கூடவே ஒரு சிறு சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை கசியும். எழுதியவர், பெற்றவர், உறவு முறை, போட்ட தேதி, சேர்ந்த தேதி, கையில் கிடைத்த தேதி, கட்டணம், வந்த வழி, வேறு குறிப்புகள். எதை முத்திரையில் படித்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்பதைப் பிரித்து எழுதுங்கள். ஊகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இதை இந்த மாதமே செய்யுங்கள், எழுதியவர் யார் என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.

எங்கள் கார்டின் சீட்டு இப்படி இருக்கிறது:

காலணாக் கார்டு, ஏழாம் எட்வர்டு. சென்னையிலிருந்து சின்ன கொள்ளுத்தாத்தா, ஊரில் அண்ணனுக்கு. எழுதியது விசுவாவசு ஐப்பசி 23. சென்னை முத்திரை 1905 நவம்பர் 8. தர்மபுரி நவம்பர் 9. கையில் கிடைத்தது ஐப்பசி 26. மொரப்பூர் வரை ரயில் (?), அங்கிருந்து சாலை (?), தர்மபுரியிலிருந்து கிராமத் தபால்காரர் (?). நீலப் பென்சிலில் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர். செய்தி: பரீட்சைக் கட்டணத்துக்கு எட்டு ரூபாய் வேண்டும், 'இதில் இடம் போதவில்லை, மற்றவை நேரில்'. இதே கட்டில் கிடைத்த மணியார்டர் ரசீது: எட்டு ரூபாய், தர்மபுரி, 1905 நவம்பர் 14.